ஒரு மணி நேரம், பதினாறு நாள், ஐம்பத்தைந்து வருசம்

"ஒரு மணி நேரந்தானே அத்தை, கிளம்பி வாங்களேன்."

கோத்தகிரியிலிருந்து ஃபோனில் வந்த வார்த்தை இது. கேட்டது எங்கள் கூட்டத்தில் ஒருத்தியின் அப்பாயி. டிக்கோயாவில் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறார், வயது 81. அவரோட தம்பி 1973இல் குடும்பத்தோடு இந்தியா போனவர். அவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தம்பி மகன் கூப்பிட்டுச் சொன்னார். கட்டுநாயக்கவில் ஏறினால் திருச்சியில் இறங்கிடலாம், அங்க வந்து நான் கூட்டிக்கிறேன் என்றார்.

அப்பாயி எங்களைப் பார்த்தார். நாங்கள் ஃபோனைப் பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு ஆகாய வழியில் சுமார் 420 கிலோமீற்றர், பறக்கும் நேரம் ஒரு மணி. சென்னை என்றால் சுமார் 640 கிலோமீற்றர், ஒன்றரை மணிக்கும் குறைவு.

ஆனா அப்பாயியால் போக முடியவில்லை. அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. எடுக்கலாம் என்று போனால் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர். அதைத் திருத்த நாலு தடவை அலைந்தோம். மூன்றாவது வாரம் தம்பி செத்துப் போனார். அப்பாயி சாவு வீட்டை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தார். நெட்வேர்க் இழுத்து இழுத்து வந்ததால் தம்பி முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். டிக்கோயாவுக்கும் 'ஊரு'க்கும் உண்மையில் எவ்வளவு தூரம்? கிலோமீற்றர் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் நம்ம ஆட்களின் ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்தத் தூரம் வேறு வேறாக இருந்திருக்கிறது. அதை ஒரு தடவை வரிசையாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கால்நடையாக வந்த தூரம்

முதலில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் நடந்துதான் வந்தார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கடற்கரை வரை ஒரு நடை. அங்கே தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்குவார்கள். பிறகு காட்டு வழியாக மாத்தளை வரை சுமார் 150 மைல் நடை. மாத்தளை, கண்டி தாண்டி டிக்கோயா, மஸ்கெலியா என்று மேலே ஏற இன்னும் சில நாள்.

அந்தப் பாதையில் தண்ணீர் கிடையாது. கிடைத்த இடத்தில் கொலரா இருந்தது. மலேரியாவும் பசியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. நடக்க முடியாதவர்களை வழியில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1840களில் மட்டும் பல்லாயிரம் பேர் இப்படிச் செத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை.

இந்த இடத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நடந்து வந்தவர்களுக்கும் அந்தப் பயணம் இலவசம் இல்லை. கங்காணி ஊரில் கொடுத்த முன்பணம், தோணிக் கூலி, வழியில் தின்ற அரிசி எல்லாம் கணக்குப் புத்தகத்தில் கடனாக ஏறியது. தோட்டத்தில் முதல் நாள் பெரட்டுக்கு நிற்கும்போதே ஒருத்தன் கடன்காரன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கடனையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதற்கான சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. அதாவது ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையிலிருந்த தூரத்தை ரூபாயாக மாற்றி, நடந்தவன் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் டிக்கெட் வாங்கிப் பயணம் போகிறோம். அவர்கள் பயணம் போய்விட்டு, டிக்கெட் காசை வருசக்கணக்காக உழைத்துக் கட்டினார்கள்.

கோச்சியும் கப்பலும்

ரயில் பாதை 1867இல் கண்டிக்கு வந்தது. 1884இல் ஹட்டனுக்கு வந்தது. அதாவது நமக்குப் பக்கத்து ஸ்டேஷன், கொழும்புக் கோட்டையிலிருந்து 173 கிலோமீற்றர். வெள்ளைக்காரன் பாதை போட்டது தோட்டத்துச் சரக்கைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான், நம்மைச் சொகுசாக ஏற்றிவர இல்லை. இருந்தாலும் வந்த பாதையில் ஆட்களும் வந்தார்கள்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. கடல் தூரம் சுமார் 35 கிலோமீற்றர். இந்தப் பக்கம் கோச்சி, அந்தப் பக்கம் கோச்சி, நடுவில் கப்பல். மெட்ராசில் ஏறியவர் கொழும்பில் இறங்கலாம். 'போட் மெயில்' என்ற பேர் அப்படி வந்ததுதான். வாரக்கணக்கில் நடந்த தூரம் ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கியது.

யாருக்குச் சுருங்கியது என்பதுதான் கேள்வி. கூலி வேலைக்கு வந்தவர்கள் கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையில் நடத்திய முகாம் அது. நோய் பரவாமல் தடுக்க என்று சொல்லி அங்கே சில நாள் வைத்து, மருந்து தெளித்து, ஊசி போட்டு, பிறகுதான் அனுப்புவார்கள். 1900களின் தொடக்கத்திலிருந்து தகரத் துண்டு முறையும் இருந்தது. எந்தப் பகுதி, எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று எழுத்தும் எண்ணும் குத்திய சின்னத் தகரத் தட்டு. அதைப் பார்த்து வழியிலுள்ள அதிகாரிகள் ஆளைச் சரியான தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். செலவு தோட்டக் கணக்கில் ஏறும். ஏர்போட்டில் நம்ம பெட்டியின் கைப்பிடியில் ஒரு பட்டி ஒட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தத் தகரத் துண்டு ஞாபகம் வருகிறது. பெட்டிக்குப் போடுவதை அன்றைக்கு ஆளுக்குப் போட்டார்கள்.

'சீதாதேவி' பறந்த வருசம்

இனி விமானத்துக்கு வருவோம். இரத்மலானை விமான நிலையம் 1935இல் திறந்தது. 1938இல் டாட்டா கம்பெனியின் விமான சேவை மெட்ராசிலிருந்து கொழும்பு வரை நீண்டது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி 'எயார் சிலோன்' தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மெட்ராசுக்குப் போனது அந்த டி.சி.-3 விமானம். அதற்கு வைத்த பேர் 'சீதாதேவி'.

கடலைத் தாண்டி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே ஆகாயத்தில் போய்வந்த முதல் பெண்ணின் பேரை எடுத்து விமானத்துக்கு வைத்திருக்கிறார்கள். யாருக்கோ நல்ல நகைச்சுவை உணர்வு. ஆனால் கதையை ஒழுங்காகப் படித்திருந்தால் சீதை விரும்பிப் போன பயணம் இல்லை அது என்று தெரிந்திருக்கும்.

இந்த விமானம் பறந்து ஒரு வருசம் ஆகுமுன் என்ன நடந்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்ம ஆட்கள் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். தாத்தா இங்கே பிறந்தார், அப்பா இங்கே பிறந்தார் என்று பத்திரம் காட்டச் சொன்னார்கள். லயத்தில் பிறந்தவனிடம் எந்தப் பத்திரம் இருக்கும்?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1947 டிசம்பரில் இரண்டு நாட்டுக்கும் நடுவே எயார் சிலோன் பறக்கத் தொடங்கியது. 1948 நவம்பரில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மெட்ராஸ் சில மணி நேரத் தூரத்துக்குப் பக்கத்தில் வந்த அதே காலத்தில், டிக்கோயாவிலிருந்த ஒருத்தருக்கு அது எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பது ஒரு பக்கம். காசு இருந்தாலும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் காட்டுவது?

திரும்பிப் போன தூரம்

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேரைப் பற்றி இரண்டு பிரதமர்கள் பேசி முடிவெடுத்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான சனத்தில் ஒருத்தரிடமும் "நீ எங்க இருக்க விரும்புற?" என்று ஒப்பந்தத்துக்கு முன் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாசத்துக்குள், டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் ஓடியது. 'இராமானுஜம்' என்ற அந்தக் கப்பலின் பேர் நம்ம பெரியவர்கள் பலருக்கு மனப்பாடம்.

ஹட்டன் ஸ்டேஷனில் நடந்ததை அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறோம். அவருக்குக் கல்யாணமாகி, புருசன் வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. தம்பிக்கு இந்தியப் பிரஜாவுரிமை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு நாடு. கோச்சி கிளம்பும்போது பிளாட்ஃபாரத்தில் நின்றவர்களும் உள்ளே இருந்தவர்களும் ஒன்றாக ஒப்பாரி வைத்தார்களாம். மு. சிவலிங்கம் தன் கதைத் தொகுப்புக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் வைத்திருக்கிறார். அந்தச் சொல்லுக்கு மலையகத்தில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

"அடுத்த வருசம் வந்து பாத்துட்டுப் போறேன்க்கா" என்று தம்பி சொல்லிவிட்டுப் போனார். கோத்தகிரிப் பக்கம் தேயிலை வேலை. இங்கே விட்டதையே அங்கே தொட்டார். அங்கே அவர்களுக்குப் பேர் 'சிலோன்காரங்க'. இங்கே நம்மை 'இந்தியாக்காரன்' என்றார்கள். அங்கே போனவர்களுக்கு நேர் எதிர்ப் பேர் கிடைத்தது.

யுத்தம் தொடங்கியதும் 1984இல் கப்பல் நின்றுபோனது. அதோடு ஏழைகளின் வழி அடைபட்டது. மிச்சமிருந்தது ஆகாய வழி மட்டும். வரைபடத்தில் எதுவும் நகரவில்லை, ஆனால் டிக்கோயாவுக்கும் கோத்தகிரிக்கும் நடுவே தூரம் ஒரே நாளில் பல மடங்கானது. நாடற்றவர் பிரச்சினையின் கடைசி மிச்சம் சட்டப்படி தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். 1948இலிருந்து கணக்குப் போட்டால் 55 வருசம். அப்பாயியின் பத்திரத்தில் இருக்கிற பேர்க் குழப்பம் அந்த 55 வருசத்தில் முளைத்தது. சட்டம் மாறியது, எழுத்துப்பிழை அப்படியே இருக்கிறது.

தூரத்தைத் தப்பாகக் கணித்த ஒரு ராத்திரி

நம்ம பக்கத்தில் விமானத்தைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் உடனே நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் கையைக் காட்டுவார்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி ராத்திரி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு மார்ட்டின்எயார் கம்பெனியின் டி.சி.-8 விமானம் வந்தது. கட்டுநாயக்கவில் இறங்கி, பிறகு அரேபியா போக வேண்டியது. பயணிகள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர்.

விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார்கள். கட்டுநாயக்க கிட்ட வந்துவிட்டது என்று நினைத்துக் கீழே இறங்கினார்கள். உண்மையில் இன்னும் சுமார் 40 கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட 75 கிலோமீற்றர் பாக்கி இருந்தது. விமானத்துக்கு அது பத்துப் பன்னிரண்டு நிமிசம். அந்தப் பன்னிரண்டு நிமிசத்துக்குள் சப்த கன்னி மலை இருந்தது. நாம் ஏழு கன்னி மலை என்கிறோம். 191 பேரில் ஒருத்தரும் தப்பவில்லை.

யாத்திரை கிளம்பிய அந்த மனிதர்களுக்கு இந்த மலையின் பேர்கூடத் தெரிந்திருக்காது. மலையடிவாரப் பக்கத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. வடக்குப் பாதையில் செத்த நம்ம ஆட்களைப் போல அவர்களும் வழியில் நின்றுபோனவர்கள். சிவனொளிபாதமலைக்குப் போகிற வழியில் நேரம் கிடைத்தால் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்றைய கணக்கு

இப்போது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கடல்விமானம் வந்து இறங்குகிறது. கட்டுநாயக்கவிலிருந்து இங்கே அரை மணி நேரம். நேர்க்கோட்டில் பார்த்தால் 90 கிலோமீற்றருக்கும் குறைவுதான். அதில் வருபவர்கள் பழைய தொரை பங்களாக்களில் தங்கி, கொழுந்து எடுப்பவர்களைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கொழுந்து எடுப்பவருக்கு அதே தூரம் பஸ்ஸில் நாலு, அஞ்சு மணி நேரம். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுப்பது தனி. அந்த நேரத்தில் விமானம் திருச்சிக்கு இரண்டு தடவை போய்த் திரும்பிவிடும்.

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி ஹெலிகொப்டரில் நம்ம பக்கம் வந்தார். இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் டிக்கோயா வைத்தியசாலையைத் திறந்தார், நோர்வூட்டில் பேசினார். அன்றைக்குக் காலையில் கொழும்பில், வாரணாசிக்கு நேரடி விமானம் வரப்போகிறது, தமிழ் மக்களும் காசிக்குப் போகலாம் என்று அறிவித்திருந்தார். நல்ல விசயந்தான், வைத்தியசாலை இன்றைக்கும் பயன்படுகிறது. ஆனால் அன்றைக்கு மைதானத்தில் நின்ற கூட்டத்தில் எத்தனை பேருக்குக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அக்கா தங்கச்சி இருந்திருப்பார்கள்? காசிக்குப் போகும் வழியைப் பற்றிக் கேட்டார்கள். தங்கச்சி வீட்டுக்குப் போகும் வழியைப் பற்றி யாரும் பேசவில்லை.

நம்ம தோட்டங்களிலிருந்து அதிகம் பேர் விமானம் ஏறுவது வளைகுடாவுக்குத்தான். கொழும்பிலிருந்து துபாய் சுமார் 3,300 கிலோமீற்றர், பறக்கும் நேரம் நாலரை மணி. லயத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் போகவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம். ராத்திரியில் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் கிளம்புகிற அம்மாக்களை நமக்குத் தெரியும். ஏஜென்சிக்காரன் செலவு, பயணச் செலவு என்று சொல்லிச் சம்பளத்தில் பிடிக்கும் கதைகளும் தெரியும். முன்பணம், கடன், கணக்குப் புத்தகம். 180 வருசத்துக்கு முந்தைய கங்காணியை நாம் எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை?

பதினாறு நாள்

2023இல், மலையக மக்கள் இங்கே வந்து 200 வருசம் என்பதை நினைவுகூர, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. சுமார் 250 கிலோமீற்றர், பதினாறு நாள். காரில் அஞ்சு மணி நேரத்தில் போய்விடலாம். "இந்தக் காலத்தில் எதுக்கு நடக்கணும்?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள், எந்தக் குளத்தில் தண்ணி குடித்திருப்பார்கள் என்பதெல்லாம் நடந்தால்தான் கண்ணில் படும். வழியில் சிங்கள, முஸ்லிம் சனங்களும் நின்று தண்ணீர் கொடுத்து வரவேற்றார்கள். முதலில் வந்தவர்களுக்குக் கிடைக்காத தண்ணீர் அது.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ தாத்தாவோ இருந்தால் இந்த வாரமே மூன்று விசயம் கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தோம், யார் எந்த வருசம் போனார்கள். கூடவே பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்து, இரண்டிலும் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால் இப்போதே திருத்த அலையுங்கள். சாவுச் செய்தி வந்த பிறகு அலைந்து பிரயோசனம் இல்லை. அதை எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறோம்.

அப்பாயிக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் வேலையை நாங்கள் இன்னும் விடவில்லை. தம்பிதான் போய்விட்டார், இனி எதுக்கு என்று அவர் ஒரு தடவை கேட்டார். பிறகு அவரே, "அவன் பொதைச்ச எடத்தையாவது பாத்துட்டு வரலாம்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்குக் கூப்பிட வேண்டும் என்றார். எடுக்குமுன் ஒரு சந்தேகம். "இந்நேரம் தூங்கியிருப்பாங்களோ? அங்க இப்ப மணி என்ன?"

"இங்க என்ன மணியோ அதே மணிதான் அப்பாயி. ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரந்தான்."

அவர் நம்பவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், திரும்பவும் கேட்டார்.

"ஒரே நேரமா?"